அறுபத்து மூன்றாவது வேலை

கம்பெனியில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் பதினைந்து வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். நான் ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது, செய்யாமல் விட்டால் ஊருக்கே தெரியும். பஸ் நேரத்துக்கு வருவது, கேன்டீனில் சாம்பார் தீராமல் பார்த்துக்கொள்வது, ஷூ அளவு மாறிப்போனால் மாற்றிக் கொடுப்பது, அவுட்பாஸ் எழுதுவது, ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு இளநீர் வாங்கி வைப்பது, எல்லாம் நான்தான். இதற்கு அட்மின் என்று பெயர். எங்களுடையது ஒரகடத்தில் கார்களுக்கான தகட்டுப் பாகங்களை பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை. நானூற்று இருபது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் பெயர் செந்தாமரை என்பது தெரியாது. அட்மின் அக்கா என்றால் தெரியும்.

போன வருஷம் ஆடி மாதம், அட்மின் வேலை மொத்தத்தையும் ஒரு ஏஜென்சியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எனக்கும், ரிசப்ஷனில் இருந்த ஷெர்லினுக்கும், ஸ்டோர்ஸில் ரிஜிஸ்டர் பார்த்த ரகுவுக்கும் மட்டும் ஒரு வழி விட்டார்கள். புராஜெக்ட் கோஆர்டினேட்டர் பயிற்சி. பன்னிரண்டு சனிக்கிழமை வகுப்பு, கூடவே ஆளுக்கு ஒரு நிஜ வேலையை எடுத்து முடித்துக் காட்ட வேண்டும். முடித்தால் கம்பெனியிலேயே கோஆர்டினேட்டர். முடிக்காவிட்டால் ஏஜென்சி ஆளாகி அவர்கள் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாற்பத்து நாலு வயதில் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு எழுதப்போகிறேன் என்றதும் என் இரண்டு மகன்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவன், ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். அன்றைக்கு இரண்டு பேருக்கும் தோசை கிடையாது, உப்புமாதான்.

பாடம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்த பெண்ணின் பெயர் மதிவதனி. முப்பது வயதுகூட இருக்காது. முதல் வகுப்பில், பஸ் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒரு மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் நின்று எங்கள் பஸ் வழியிலேயே மாட்டிக்கொண்டது. விடிவதற்குள் இரண்டு ஸ்கூல் வேன், ஒரு டெம்போ பிடித்து முப்பத்தெட்டுப் பேரையும் ஷிப்ட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதைச் சொன்னேன். ஒன்பது மணிக்கு வந்த மேலதிகாரிகளுக்கு இன்றுவரை அந்த விஷயம் தெரியாது. ஷெர்லினும் ரகுவும் கைதட்டினார்கள். மதிவதனி தட்டவில்லை. அடுத்த மழைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அடுத்த மழைக்கும் அதே வேனுக்குத்தான் போன் போட்டேன் என்றேன். மேலே யாருக்கும் தெரியாததால்தான் அந்த ரூட்டை யாரும் மாற்றவில்லை, இல்லையா அக்கா என்றாள். பெரிய கண்டுபிடிப்பு என்று ரகுவின் காதில் சொன்னேன். அவளுக்கும் கேட்டிருக்கும், ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எனக்குக் கிடைத்த நிஜ வேலை, ஒரு பிரஸ் லைனைப் பழைய ஷெட்டிலிருந்து புது ஷெட்டுக்கு மாற்றுவது. மதிவதனியுடன் உட்கார்ந்து அதை அறுபத்திரண்டு வேலைகளாகப் பிரித்து கம்ப்யூட்டரில் ஒரு ஷீட்டாகப் போட்டோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள், ஒரு தேதி, ஒரு நிறம். நேரத்துக்கு நடந்தால் பச்சை. கொஞ்சம் இழுத்தால் மஞ்சள். நின்றுபோய், உதவி வேண்டியிருந்தால் சிவப்பு. வெள்ளிக்கிழமைதோறும் நான் நிறம் போட வேண்டும். அது கேன்டீன் சுவரில் இருக்கிற டிவியில் வாரம் முழுக்க ஓடும்.

அந்த நிறத்தில்தான் வினை வந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு சிவப்புத் தொட்டி இருக்கும். கோணலாக வந்த பாகத்தை அதில் போடுவார்கள். அதில் விழுந்தது திரும்ப லைனுக்கு வராது, நசுக்கி எடைக்குப் போய்விடும். ஒரு ஆளின் பெயருக்கு நேரே சிவப்பைப் போட்டு, நாலு பேர் சோறு தின்கிற இடத்தில் அதைக் காட்டினால், அவனைத் தூக்கி அந்தத் தொட்டியில் போட்டதாகத்தான் அர்த்தம். மதிவதனிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

ஜெபகுமார் எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சுங்குவார்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், முப்பத்திரண்டு வயது, பேச்சு குறைவு. ரசமட்டத்தை வைத்து ஒரு மெஷினை ஆடாமல் அசையாமல் நேராக உட்கார வைப்பதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. அறுபத்திரண்டில் பதினொரு வேலை அவன் பெயரில் இருந்தது. இரண்டாவது வாரம் அவன் மனைவி ஜாஸ்மினுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ நூறு கிராம். கம்பெனியில் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. லீவு லெட்டரில் 'குடும்ப விஷயம்' என்று எழுதியிருந்தான். லீவு தீர்ந்து வந்த அன்று என் ஜன்னலுக்கு வந்து, இனி தினமும் நாலு மணிக்கு அவுட்பாஸ் வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பாப்பாவ நெஞ்சு மேல போட்டுகினு உக்காரணும் கா. சட்ட இல்லாம, தோலோட தோலு ஒட்டிகினு. அப்பதான் சூடு தங்கும், எட கூடும்னு டாக்டரு சொல்றாரு. காலைலேர்ந்து ஜாஸ்மின் வெச்சிக்கிறா. சாய்ந்தரம் ஆனா அவளுக்குத் தல சுத்துது. அஞ்சுலேர்ந்து ஒம்போது வரைக்கும் நான்."

ஆக, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் புருஷனும் பெண்டாட்டியும் ஷிப்ட் போட்டுப் பிள்ளையை அடைகாத்துக்கொண்டிருந்தார்கள். வேறு பெண்கள் யாரும் இல்லையா என்று கேட்டேன். அவன் அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஜாஸ்மினின் அம்மா காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள், வார்டுக்குள் விட மாட்டார்கள். அப்படியானால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடேன் என்றேன். பசங்க சிரிப்பானுங்க என்று தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை பெரிய ஆள், ஆறடி, கிரீஸ் ஏறிய விரல்கள். அந்த நெஞ்சில் ஒரு கிலோ பிள்ளை படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவுட்பாஸில் காரணம் என்ற இடத்தில் 'வெளி ஒர்க்‌ஷாப் வேலை' என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் வாரமே அவனுடைய ஐந்து வேலைகள் பின்தங்கின. புராஜெக்ட் வேலை எல்லாம் நாலு மணிக்கு மேல் ஓ.டி.யில்தான் சூடு பிடிக்கும். அந்த நேரத்தில் அவன் சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் பைக்கை விரட்டிக்கொண்டிருப்பான். வெள்ளிக்கிழமை ஷீட்டைத் திறந்து மஞ்சள் வரைக்கும் போனேன். கேன்டீன் டிவி ஞாபகம் வந்தது. பச்சையைப் போட்டேன். திங்கட்கிழமைக்குள் நானே சரிக்கட்டிவிட்டால் அது பொய் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாதியைச் சரிக்கட்டவும் செய்தேன். அட்மினில் பதினைந்து வருஷம் இருந்தவளுக்கு யாரைப் பிடித்தால் எது நடக்கும் என்று தெரியாதா? இன்னொரு லைனில் கொம்பையா என்று ஒரு ஃபிட்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் குடும்பம் ஊரிலிருந்து வந்தபோது வல்லத்தில் வீடு பார்த்துக் கொடுத்தது நான்தான். போல்ட் முடுக்குகிற வேலையை டீ நேரத்தில் செய்து தர முடியுமா என்று அவரைக் கேட்டேன். நீங்க சொன்னா செஞ்சிருதேன் தாயி என்றார். இரண்டு வேலை முடிந்தது. அதற்குள் வேறு மூன்று பின்தங்கின. அடுத்த வெள்ளியும் பச்சை. அதற்கடுத்த வெள்ளியும் பச்சை. நாலு வாரம் இப்படியே ஓட்டினேன். பாப்பா ஒன்றே கால் கிலோவைத் தாண்டியது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஆறாவது வார ரிவ்யூவில் பிளான்ட் ஹெட் தசரதன் டிவி முன்னால் நின்று ஷீட்டை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். அவர் சுலபத்தில் பாராட்டுகிற மனிதர் இல்லை. அன்றைக்கு எல்லோர் எதிரிலும், இருபது வருஷ அனுபவம் உள்ள இன்ஜினியர்கள் ஓட்டும்போது வராத சுத்தமான ஷீட் அட்மின் அம்மா ஓட்டும்போது வருகிறது, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கைதட்டினார்கள். அதே மூச்சில், கஸ்டமர் சீக்கிரம் கேட்கிறார், எல்லாம் பச்சையாக இருப்பதால் லைனைப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே ஓட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து மெயின்டனன்ஸுக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தவள் நான். அதைத் தெரியாமல் அந்தச் சோற்றை நம்பி ஊருக்கே பந்தி போட்டுவிட்டார் மனிதர். கைதட்டல் அடங்குகிறவரைக்கும் நான் கடைசி வரிசையில் இருந்த ஜெபகுமாரைப் பார்க்கவில்லை.

திங்களும் செவ்வாயும் அவன் எட்டு மணி வரை இருந்தான். என் ஜன்னல் பக்கமே வரவில்லை. புதன்கிழமை நானே ஷெட்டுக்குப் போய்ப் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அவன் போகாத நேரத்தில் பாப்பாவை மறுபடி சூட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். தினம் பதினைந்து இருபது கிராம் ஏறிக்கொண்டிருந்த எடை முதல் நாள் ஏறவில்லை. இரண்டாம் நாள் பத்து கிராம் இறங்கியிருக்கிறது.

"பரவால்ல கா," என்றான். "இன்னும் ரெண்டு வாரம்தான?"

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்து கிராம் என்பது இரண்டு ஸ்பூன் சர்க்கரைதான். அந்தப் பத்து கிராமை அந்தக் குழந்தையிடமிருந்து எடுத்தது என் பச்சை.

மதிவதனிக்குப் போன் செய்தேன். நான்கு வாரக் கதையையும் ஒன்று விடாமல் கொட்டினேன். பாப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அது ஜெபகுமாரின் விஷயம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் கேட்டது மூன்றே கேள்வி: எது நிற்கிறது, என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. இங்கே ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறேன், இவள் பரீட்சை வைக்கிறாளே என்று இருந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்புத் தொட்டி விஷயத்தை அவளிடம் சொன்னேன். இதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றாள்.

"அக்கா, சிவப்பு போட்டா யாராவது வருவாங்க. பச்சை போட்டா யாரும் வர மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அதோடு விடவில்லை. நாலு வாரம் தவறாக நிறம் போட்டதை மதிப்பீட்டில் எழுதாமல் இருக்க முடியாது என்பதையும் சொன்னாள். ஏஜென்சி சட்டை என்ன கலராக இருக்கும் என்று யோசித்தபடியே போனை வைத்தேன்.

வியாழக்கிழமை ஜெபகுமாரிடம், உன் பெயரில் ஐந்து சிவப்பு போடப்போகிறேன் என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. போடுங்க, காரணம் மட்டும் எழுதாதீங்க என்றான். சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை டிவியில் ஐந்து சிவப்பு வரிசையாக வந்ததும் கேன்டீனில் தட்டுச் சத்தம் நின்றது. தசரதன் என்னைப் பார்த்து, போன வாரம் பச்சை, இந்த வாரம் சிவப்பு, நடுவில் என்ன இடி விழுந்தது என்று கேட்டார். எழுந்து நின்றேன். போன வாரமும் சிவப்புதான், அதற்கு முந்தின மூன்று வாரமும் பச்சை இல்லை, நான்தான் பொய் நிறம் போட்டேன் என்றேன். மதிவதனி கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் எழுதி வைத்திருந்தேன், அதைப் படித்தேன். நிற்பது லெவலிங் வேலை. வேண்டியது ஒரு ஃபிட்டர், நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை. கொடுக்க வேண்டியது இரண்டாவது லைன், அங்கே கொம்பையா இருக்கிறார், அவருக்கு ஓ.டி. பணம் தேவையாகவும் இருக்கிறது. அப்படியானால் ஜெபகுமார் நாலு மணிக்கு எங்கே போகிறான் என்று தசரதன் கேட்டார். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எம் பொண்ணு ஒண்ணே கால் கிலோ சார்," என்றான் ஜெபகுமார். "தெனம் நாலு மணி நேரம் நெஞ்சு மேல வெச்சிக்கணும். நான் போவாத அன்னிக்கு எட எறங்குது."

யாரோ ஒருவன் க்ளுக் என்று சிரித்தான். பக்கத்திலிருந்தவன் அவன் தொடையில் அடித்த சத்தமும் கேட்டது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தசரதன் ஓடிவந்து யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு என் மேல் வந்த கோபம் நியாயமான கோபம். இதை நாலு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் கஸ்டமரிடம் வாயே திறந்திருக்க மாட்டேன் என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு கொம்பையாவைக் கொடுத்தார். கஸ்டமரிடம் பேசி ஐந்து நாள் வாங்கினார், அதற்கு மேல் முடியவில்லை. எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். லைன் ஓடுகிற நாளில் கஸ்டமர் ஆட்கள் முன்னால் நின்று, முதல் பாகம் சரியாக வருவதைக் காட்டி, ஒப்படைப்புத் தாளில் கோஆர்டினேட்டர் என்று நான் கையெழுத்துப் போட்டால் பயிற்சியில் தேறினேன். இல்லாவிட்டால் இல்லை.

அன்றைக்கே ஷீட்டில் ஒரு வேலையைச் சேர்த்தேன். எண் அறுபத்து மூன்று. வேலை: ஆஸ்பத்திரி. ஆள்: ஜெபகுமார். நேரம்: தினமும் நாலு மணி. அறுபத்து மூவர் ஆகிவிட்டார்கள், அறுபத்து மூணாவது நாயனார் வேதக்காரர் என்று ரகு கிண்டல் செய்தான். ஜெபகுமாரே சிரித்தான். ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. நாலு அடித்தால் கொம்பையா வந்து, நீ கெளம்பு தம்பி என்று ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வார். கேன்டீனில் தட்டு கழுவுகிற அம்மா வரைக்கும் இன்றைக்கு எவ்வளவு ஏறிச்சு என்று அவனைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒன்று முந்நூற்று அறுபது. ஒன்று நானூற்று முப்பது. பிளான்ட்டின் உற்பத்திக் கணக்கைக்கூட இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை.

லைன் ஓட வேண்டிய நாள் ஒரு புதன்கிழமை. கஸ்டமர் ஆட்கள் ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மத்தியானம் இரண்டு மணிக்கு, பெரிய பிரஸ் ஒரு மூலையில் நூல் அளவு தாழ்ந்திருப்பது தெரிந்தது. கொம்பையா ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, இது எங் கையில நிக்கல தாயி, அந்தப் பய கைதான் வேணும் என்று ஒளிக்காமல் சொன்னார். ஜெபகுமார் ஏற்கெனவே மெஷினுக்கு அடியில் படுத்திருந்தான். அதை எடுத்துக் கட்ட எட்டு மணியாவது ஆகும் என்பது அவனுக்கும் தெரியும். மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பூட்ஸைத்தான் நான் பார்த்தேன், அது அசையவே இல்லை.

அலுவலகத்துக்கு வந்து அறுபத்து மூன்றாவது வேலையைச் சிவப்பு ஆக்கினேன். எது நிற்கிறது: பாப்பாவின் சாயங்காலம். என்ன வேண்டும்: ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரு ஆள். யாரிடமிருந்து என்ற கட்டத்தில் கை நின்றது. ஜாஸ்மினுக்குப் போன் செய்து கேட்டேன். வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும், சளி காய்ச்சல் இல்லாமல் சுத்தமாக இருந்தால், நர்ஸ் அம்மா விடுவார்கள் என்றாள். ஷீட்டில் இருக்கிற அத்தனை பெயரையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன். அந்த நேரத்தில் கையில் வேலை இல்லாத, வெறுமனே நின்று கையெழுத்துப் போட வேண்டிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். என் பெயரை எழுதினேன்.

தசரதனிடம் போய்ச் சொன்னேன். இன்றைக்கு நீங்கள் இல்லாவிட்டால் தாளில் ஷெர்லின் கையெழுத்துதான் போகும், அதன் அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"பஸ்ல போனா அஞ்சு மணிக்குப் போய்ச் சேர மாட்டீங்க. என் வண்டிய எடுத்துட்டுப் போங்க."

தேறிய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஷெர்லின் தேறினாள், ரகு தேறினான், நான் தேறவில்லை. ஆனால் ஏஜென்சிக்குத் தள்ளாமல், இன்னொரு வேலையை முதலிலிருந்து எடுத்து முடிக்கச் சொன்னார்கள். மழை வந்தால் பஸ் மாட்டிக்கொள்ளும் அந்த ரூட்டை மாற்றுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். இரண்டு மாதம், ஆறு சிவப்பு, எல்லாம் முதல் நாளே போட்டது. தை மாதம் சான்றிதழ் கைக்கு வந்தது. மதிவதனி அதைக் கொடுக்கும்போது என்னைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வார்டுக்குப் போனேன். வளையலைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முன்பக்கம் திறக்கிற ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டேன். நர்ஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டார். பதினைந்து வருஷமாக கேட்டில் வருகிறவன் போகிறவனை எல்லாம் நீ யார், யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டவள் நான். கம்பெனி என்றால் வெளியே போகச் சொல்வார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த ஜாஸ்மினைப் பார்த்தேன். அதற்கு முன் அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை. மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே கருப்பு.

"பாப்பாவோட அத்தை," என்றாள் ஜாஸ்மின்.

நர்ஸ் அம்மா கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில், ஐந்து மணிக்கு நேரே 'அத்தை' என்று எழுதினார். அங்கே அதுவரை அம்மா, அப்பா, அம்மா, அப்பா என்றுதான் இருந்தது.

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து என் நெஞ்சில் பாப்பாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். தலையில் குல்லா, இடுப்பில் துணி, வேறொன்றும் இல்லை. என் இரண்டு எருமைகளும் பிறக்கும்போதே மூன்று மூன்றரைக் கிலோ. இவ்வளவு லேசாக ஒரு உயிர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலில் கையைக் காலை உதறினாள். ஆள் மாறியது தெரிந்துவிட்டது போல. பிறகு என் கழுத்துக்குக் கீழே மூக்கை வைத்துத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு என் தோலில் விட்டு விட்டுப் பட்டது. மூன்று மூச்சு, ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் நாலு மூச்சு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் என் உயிர் போய் வந்தது. இதைத்தான் அவன் ஒரு மாதமாகத் தினமும் நாலு மணி நேரம் தாங்கிக்கொண்டு, மறுநாள் வந்து போல்ட் முடுக்கியிருக்கிறான்.

பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜாஸ்மின் எடுத்துப் படித்தாள். ஆறு மணிக்குக் கஸ்டமர் ஆட்கள் வந்து டீ குடிக்கிறார்கள். ஏழரைக்கு மூலை நேரானது. ஏழே முக்காலுக்கு முதல் பாகம் விழுந்தது, அளவு சரி. ஷெர்லின் கையெழுத்துப் போட்டுவிட்டாள், அழுகிற பொம்மைப் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். ஜாஸ்மின் என் முகத்தைப் பார்த்து, உங்களுக்குக் கஷ்டமா இல்லையா கா என்று கேட்டாள். இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். பதினைந்து வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லோர் முன்னாலும், இது நான் செய்த வேலை என்று நின்றிருக்கலாம். அவள் எழுந்து வந்து என் அங்கியைச் சரிசெய்து, பாப்பாவின் முதுகு மூடுகிறமாதிரி இழுத்துவிட்டாள்.

எட்டரைக்கு ஜெபகுமார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கை கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு, தயாராக எதிரே வந்து நின்று கையை நீட்டினான். புருவத்தில் இன்னும் கிரீஸ் ஒட்டியிருந்தது. நான் பாப்பாவைக் கொடுக்கவில்லை.

"அப்டி போய் உக்காருப்பா. ஒம்போது வரைக்கும் என் பேருல கீது."

அவன் ஜாஸ்மினைப் பார்த்தான். அவள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். பாப்பாவும் தூங்கினாள். ஒன்பது அடிக்கும்வரை நான் அசையவில்லை.